ஜுடிஷியஸ், ப்ரூடன்ட், சென்சிபிள், ஷ்ரூட் – எல்லாத்துக்கும் டிக்‌ஷனரில 'விவேகமான'னுதான் போட்டிருக்கு, எப்படிங்க பிரிச்சுப் பாக்குறது?

கோவை_லெட்ஜர்:

வணக்கம். சின்ன சந்தேகம்தான், ஆனா ரெண்டு நாளா மண்டைய கொடையுது. நான் ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். எனக்குக் கீழ 3 வருஷம் வேலை பாத்த தம்பி ஒருத்தன் மேல்படிப்புக்கு வெளிநாட்டு காலேஜுக்கு அப்ளை பண்றான், ரெகமண்டேஷன் லெட்டர் நீங்கதாண்ணா தரணும்னு வந்து நின்னான். நல்ல பையன். எந்த பில்லு வந்தாலும் சட்டுனு டிக் அடிக்க மாட்டான், போன வருஷம் ஒரு சப்ளையர் வந்து 6 மாசத்துக்கு மொத்தமா அட்வான்ஸ் குடுத்தா 8 பர்சன்ட் தள்ளுபடி தரேன்னார், நாங்கெல்லாம் குஷியாயிட்டோம், இவன் மட்டும் 'அண்ணா, 2 மாசத்துக்குக் குடுப்போம், சரக்கு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு மீதிய குடுக்கலாம்'னான், மூணாவது மாசம் அந்தாளு கடைய சாத்திட்டுப் போயிட்டார். அன்னிக்கு எங்க பணம் தப்பிச்சதுக்குக் காரணமே இவன்தான்.

இத மனசுல வெச்சுதான் லெட்டர்ல 'ஹீ இஸ் எ வெரி ஷ்ரூட் அண்ட் ஜுடிஷியல் பர்சன்'னு எழுதினேன். எங்க மேனேஜர் மேடம் படிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க. 'ஏங்க, பையன் கோர்ட்ல வேலை பாத்தானா? ஷ்ரூட்னு போட்டிருக்கீங்க, பாத்து எழுதுங்க'ன்னுட்டு போயிட்டாங்க. என்ன தப்புன்னு சொல்லல. டிக்‌ஷனரி எடுத்துப் பாத்தா ஜுடிஷியஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கும் ப்ரூடன்டுக்கும் சென்சிபிளுக்கும் வைஸுக்கும் சகேஷியஸுக்கும் எல்லாத்துக்கும் 'விவேகமான, அறிவார்ந்த, புத்திசாலித்தனமான' இந்த மூணையே மாத்தி மாத்திப் போட்டிருக்கான். ஒரே அர்த்தம்னா எதுக்குங்க இத்தனை வார்த்தை? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் குடுக்கணும்.

கரும்பலகை:

மேடம் சிரிச்சதுல தப்பில்ல சார், ஆனா சொல்லிக் குடுத்துட்டு சிரிச்சிருக்கலாம் :) நான் பிளஸ் டூ பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன், வருஷா வருஷம் இதே சண்டைதான்.

முதல்ல ஜுடிஷியல். அது கோர்ட்டு, நீதிபதி, சட்டம் சம்பந்தப்பட்டது, அவ்ளோதான். ஜுடிஷியல் கஸ்டடி, ஜுடிஷியல் என்கொயரின்னு தினம் பேப்பர்ல பாக்குறோமே. ஜுடிஷியஸ்ங்கறது குணம். ரெண்டும் தீர்ப்புங்கற அதே லத்தீன் வேர்ல இருந்துதான் வந்துச்சு, ஆனா ஒண்ணு நீதிபதியோட நாற்காலிக்கும் இன்னொண்ணு நல்ல நீதிபதிக்கு இருக்க வேண்டிய நிதானத்துக்கும் போயிடுச்சு. நாற்காலில உக்காந்திருக்கறவர் எல்லாரும் ஜுடிஷியஸ்னு சொல்ல முடியாது, அது வேற விஷயம்.

அப்புறம் நான் பசங்ககிட்ட எப்பவும் சொல்றது, வார்த்தையோட அர்த்தத்த கேக்காதீங்க, அது யார் பக்கத்துல உக்காருதுன்னு பாருங்க. ஜுடிஷியஸ் பெரும்பாலும் 'யூஸ்' பக்கத்துல உக்காரும். ஜுடிஷியஸ் யூஸ் ஆஃப் ஆன்டிபயாடிக்ஸ், ஜுடிஷியஸ் யூஸ் ஆஃப் வாட்டர், பூச்சி மருந்து, உரம். வேணாம்னு சொல்லல, வேணும், ஆனா எவ்ளோ, எப்போ, எந்த இடத்துலன்னு அளந்து. சமையல்ல கைப்பக்குவம்னு சொல்றோமே, உப்பு புளி காரம் மூணையும் பாத்து ஒவ்வொண்ணும் எங்க நிக்கணும்னு தெரிஞ்ச கை, கிட்டத்தட்ட அதுதான். தமிழ்ல சரியா சொல்லணும்னா 'சீர்தூக்கிப் பாத்து'. தராசு கைல இருக்கணும், ரெண்டு தட்டுலயும் ஏதாவது இருக்கணும். ஒரே ஒரு வழிதான் இருக்குன்னா அங்க ஜுடிஷியஸுக்கு வேலையே இல்ல.

ப்ரூடன்ட் அப்படி இல்ல, அது முன்னாடி பாக்குற வார்த்தை. லத்தீன்ல முன்கூட்டிப் பாக்குறவன்ங்கற சொல் சுருங்கித்தான் ப்ரூடன்ட் ஆச்சு. அந்தச் சொல் சுருங்காம நீளமாவே இங்கிலீஷுக்கு வந்த உருவம் ஒண்ணு நம்ம எல்லார் சம்பளத்துலயும் மாசாமாசம் பிடிக்குறாங்க, பிராவிடன்ட் ஃபண்ட்! தமிழ்ல அதுக்கு 'வருங்கால வைப்பு நிதி'னு பேர் வெச்சவர் யாரோ தெரியல, வேர் வரைக்கும் போய் பிடிச்சிருக்கார். அதனால உங்க தம்பி அட்வான்ஸ நிறுத்தினது ப்ரூடன்ட். நாளைக்கு என்ன ஆகும்னு யோசிச்சு இன்னிக்கு கைய இழுத்துக்கிட்டான்.

சென்சிபிள் இதுல ரொம்ப சாதாரண ஆளு. முட்டாள்தனம் பண்ண மாட்டான், அவ்ளோதான். சென்சிபிள் ஷூஸ்னு இங்கிலீஷ்காரங்க சொல்வாங்க, தட்டையா, நடக்க வசதியா, பாக்க சுமாரா இருக்கும். பாராட்டுதான், ஆனா அதுல கொஞ்சம் கொட்டாவியும் இருக்கு. லெட்டர்ல ஒருத்தன சென்சிபிள்னு மட்டும் எழுதினா 'தொல்லை பண்ணாத பையன்'னு படிச்சுக்குவாங்க.

மெஸ் மேசைல இருந்து டைப் பண்றேன், பெல் அடிச்சிருச்சு. மீதி அப்புறம்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

ஷ்ரூட் மேட்டர நான் எடுத்துக்கறேன். நம்ம ஊர்ல 'விவரமான ஆளு'ம்பாங்க பாருங்க, இல்லன்னா 'பொழைக்கத் தெரிஞ்சவன்', அதான் ஷ்ரூட். பாராட்டா திட்டான்னு குரல வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். மாமனார் மருமகன பத்தி சொன்னா பாராட்டு, பங்காளி சொன்னா திட்டு.

அந்த வார்த்தையோட பழைய வாழ்க்கைய பாத்தா அது மொதல்ல நேரடி திட்டுதான், கெட்டவன், குணம் கெட்டவன்னு அர்த்தம். ஷ்ரூன்னு மூஞ்சூறு மாதிரி ஒரு சின்ன பிராணி இருக்கு, அதே பேர்ல சண்டைக்காரப் பொம்பளையையும் சொல்வாங்க, அந்தக் குடும்பம். அப்புறம் கெட்டவன் தந்திரக்காரன் ஆனான், தந்திரக்காரன் சாமர்த்தியசாலி ஆனான், இன்னிக்கு ஷ்ரூட் பிசினஸ்மேன்னா பெருமையா தலையாட்டிக்கிறாங்க. ஆனா பழைய வாசனை முழுசா போகல. பிசினஸ்மேனுக்கு ஓகே, அரசியல்வாதிக்கு ஓகே, ஸ்டூடன்ட்டுக்கு லெட்டர்ல போட்டா படிக்கிறவர் 'இவன் எங்கிட்ட என்ன வேலை காட்டப் போறானோ'னு யோசிப்பார்.

அஸ்ட்யூட்னு ஒண்ணு இருக்கு, அதுவும் தந்திரம்ங்கற லத்தீன் சொல்லுல இருந்துதான் வந்துச்சு ஆனா கோட்டு சூட்டு போட்டுக்கிச்சு. அஸ்ட்யூட் அப்சர்வர்னா கண்ணு கூர்மை, எதிராளி மூவ் பண்றதுக்கு முன்னாடி புரிஞ்சுக்குவான்னு அர்த்தம். அது லெட்டர்ல நிக்கும்.

கறுப்பு_கோட்டு:

கரும்பலகை மேடம் ப்ரூடன்ட் பத்தி சொன்னது சரிதான், ஆனா எங்க ஃபீல்டுல அந்த வார்த்தை வேற உசரத்துல இருக்கு, அத சொல்லாம விட்டா நியாயமில்ல. கோர்ட்டுல ப்ரூடன்ட் மேன்னு ஒருத்தர் இருக்கார், கண்ணால யாரும் பாத்ததில்ல, ஆனா எல்லா கேசுலயும் வந்து நிப்பார். 1872 இந்திய சாட்சியச் சட்டத்துல 3-வது பிரிவு, ஒரு விஷயம் எப்போ நிரூபிக்கப்பட்டதா ஆகும்னு சொல்ற இடத்துல, அந்தச் சூழ்நிலைல ஒரு ப்ரூடன்ட் மேன் அது உண்மைதான்னு எடுத்துக்கிட்டு காரியத்துல இறங்குற அளவுக்கு அது சாத்தியமா இருக்கான்னுதான் கேக்கும். அந்தச் சட்டம் போய் 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய சாக்‌ஷிய அதினியம் வந்தாச்சு, ப்ரூடன்ட் மேன் மட்டும் பெட்டி படுக்கையோட அங்கயும் குடி வந்துட்டார். 1882 டிரஸ்ட் சட்டம் 15-வது பிரிவுல அடுத்தவன் சொத்த பாத்துக்கறவன் எவ்ளோ கவனமா இருக்கணும்னா, சாதாரண ப்ரூடன்ஸ் இருக்கற ஒரு மனுஷன் தன் சொந்த சொத்த எப்படி பாத்துக்குவானோ அந்த அளவுக்குன்னு இருக்கு. மேதாவியா இருக்க வேணாம், கவனிங்க, சாதாரண ப்ரூடன்ஸ்.

இதுக்குப் பின்னாடி ஒரு வைக்கோல்போர் கதை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. 1837, இங்கிலாந்து, வான் எதிர் மென்லவ். மென்லவ்ங்கறவர் பக்கத்துக்காரர் குடிசைங்களுக்கு ஒட்டினாப்ல எல்லையில போர் போட்டார். காயாத புல்ல போரா போட்டா உள்ள சூடேறி தானா தீ பிடிக்கும், இது நம்ம ஊர் விவசாயிக்கும் தெரியும், அந்த ஊர்க்காரங்களுக்கும் தெரியும். 5 வாரமா ஆளாளுக்கு வந்து பிரிச்சுப் போடுய்யான்னு சொல்லிப் பாத்தாங்க. அவரு 'வர்றது வரட்டும், பாத்துக்கலாம்'னுட்டார், அவரு சரக்குக்கு இன்சூரன்ஸ் வேற இருந்துச்சு. கடைசில போருக்கு நடுவுல புகைபோக்கி மாதிரி ஒரு ஓட்டைய வெச்சார், அதான் அவரோட முன்னெச்சரிக்கை. போரு பத்திக்கிச்சு, அவரோட கொட்டகைக்குப் பரவி அங்கிருந்து பக்கத்துக்காரர் குடிசைங்களும் போச்சு.

கோர்ட்டுல அவரு வக்கீல் வெச்ச வாதம்தான் அழகு. எங்காளு தனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லெண்ணத்தோடதான் பண்ணார், அவருக்கு உசந்த புத்தி இல்லாமப் போனது அவரு துரதிர்ஷ்டம், அதுக்கு அவர தண்டிக்கலாமான்னார். அதாவது என் கட்சிக்காரன் முட்டாள், விட்டுடுங்க! தலைமை நீதிபதி டிண்டல் ஒத்துக்கல. ஒவ்வொருத்தன் புத்திய வெச்சு அளந்தா அது ஆளாளுக்கு பாதம் நீளம் மாறுற மாதிரி மாறிட்டே இருக்கும், அதனால சாதாரண ப்ரூடன்ஸ் உள்ள ஒரு மனுஷன் எந்த அளவு எச்சரிக்கையா இருப்பானோ அதுதான் அளவுகோல்னார்.

இப்ப கேள்விக்கு வரேன். அங்க ப்ரூடன்டுக்கு பதிலா வைஸ் போட்டுப் பாருங்க, எல்லா குடிமகனும் ஞானியா இருக்கணும்னு ஆயிடும், நடக்குற காரியமா? ஷ்ரூட் போட்டா, இன்சூரன்ஸ் வாங்கி வெச்ச மென்லவ்வே ஷ்ரூட்தான்! தன் காசு தப்பிச்சா போதும்னு நினைக்கிறவன் ஷ்ரூட், அடுத்தவன் குடிசையும் கண்ணுல படுறவன் ப்ரூடன்ட்.

மேடம் சொன்ன ஜுடிஷியல் ஜுடிஷியஸ் குழப்பம் எங்க ஜூனியர்ங்க பெட்டிஷன்லயே வருது, வெளிய சொல்லிக்கறதில்ல.

மூணாவது_பெஞ்ச்:

செம கதை சார். ஆனா எனக்கு ப்ரூடன்ட்னா ஒரு மாதிரி பயந்தாங்கொள்ளி ஃபீல்தான் வருது, ரிஸ்கே எடுக்க மாட்டான், எல்லாத்தையும் எஃப்டில போட்டுட்டு தூங்குவான், அந்த டைப். காஷியஸ்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? அப்புறம் ப்ரூட்னு சொல்வாங்களே, எத பாத்தாலும் 'சீச்சீ'னு முகம் சுளிக்கிற ஆளு, அதுவும் ப்ரூடன்டும் ஒரே குடும்பம்தானே, அதனாலதான் அந்த ஃபீலோ என்னவோ.

இன்னொண்ணு, டிஸ்க்ரீட்டும் இந்த லிஸ்ட்டுல வருமா? அதுல ரெண்டு ஸ்பெல்லிங் இருக்கு, ஒவ்வொரு தடவையும் தப்பா போட்டு மாட்டிக்கிறேன்.

ரிட்டயர்டு_மேனேஜர்:

தம்பி மூணாவது பெஞ்ச், நான் 34 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டினவன், ப்ரூடன்ட்னா பயந்தாங்கொள்ளின்னு மட்டும் சொல்லாதீங்க. ரிஸ்க் எடுக்காத பேங்க் பேங்க்கே இல்ல, அது லாக்கர். கடன் குடுக்கறதே ரிஸ்க்தான். எங்களுக்கு ப்ரூடன்ஷியல் நார்ம்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, 1991-ல பேங்க் சீர்திருத்தத்துக்காக அரசு போட்ட நரசிம்மம் கமிட்டி அறிக்கைக்கு அப்புறம் 1992-93-ல இருந்து. அதுக்கு முன்னாடி வராத வட்டியையும் வருமானம்னு புக்குல எழுதிட்டு லாபம் காட்டிட்டு இருந்தோம், கேக்க நல்லா இருக்கும், கைல காசு இருக்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, 2004 மார்ச் 31-ல முடியிற வருஷத்துல இருந்து 90 நாள் தவணையோ வட்டியோ வரலன்னா அது வாராக்கடன், வராத வட்டிய வருமானத்துல சேக்கக்கூடாது, அசலுக்கும் லாபத்துல இருந்து ஒரு பகுதிய ஒதுக்கி வெக்கணும்னு ஆச்சு. இதுல எங்கயும் கடன் குடுக்காதன்னு இல்ல. குடு, ஆனா போனா என்ன பண்ணுவேங்கறத இன்னிக்கே எடுத்து வையின்னுதான் இருக்கு. வள்ளுவர் 429-ல 'எதிரதாக் காக்கும் அறிவினார்'னு சொன்னது இதத்தான். எதிர்ல வர்றத பாத்து ஓடுறவன்னு சொல்லல, காக்குறவன்னுதான் சொன்னார்.

வக்கீல் சார் சொன்ன ப்ரூடன்ட் மேன் அமெரிக்காவுலயும் உண்டு. 1830, மாசசூசெட்ஸ், ஹார்வர்டு காலேஜ் எதிர் ஏமரி. ஒருத்தர் சாகும்போது 50,000 டாலர டிரஸ்டிங்ககிட்ட விட்டுட்டு, வருமானம் மனைவிக்கு, அவங்க காலத்துக்கு அப்புறம் பாதி ஹார்வர்டுக்கு பாதி மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குன்னு எழுதி வெச்சார். டிரஸ்டிங்க ஃபேக்டரி ஷேர்லயும் இன்சூரன்ஸ் கம்பெனி ஷேர்லயும் போட்டாங்க, விலை நல்லா இறங்கிடுச்சு, ஹார்வர்டு கேசு போட்டுச்சு. நீதிபதி சாமுவேல் புட்னம் டிரஸ்டிங்க பக்கம்தான் தீர்ப்பு சொன்னார். நீ என்னதான் பண்ணாலும் முதலுக்கு ஆபத்து இருக்கத்தான் செய்யும், ப்ரூடன்ஸ் உள்ளவங்க தங்களோட சொந்தப் பணத்த சூதாட்டமா இல்லாம, நிலையா ஒரு இடத்துல போடும்போது வருமானத்தையும் பாப்பாங்க முதலோட பத்திரத்தையும் பாப்பாங்க, இவங்களும் அப்படித்தான் பாத்திருக்காங்கன்னார். ஆக, நஷ்டம் வந்தும் ப்ரூடன்டா இருக்கலாம். லாட்டரில கோடி அடிச்சவன் ப்ரூடன்ட் ஆக மாட்டான்.

காஷியஸ் வெறும் பிரேக். ப்ரூடன்ட் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ரெண்டும் தெரிஞ்ச டிரைவர். எங்க பாட்டி ஊர் மதுரைப் பக்கம், வெளிய கிளம்பும்போதெல்லாம் 'சூதானமா போய்ட்டு வா'ன்னுதான் சொல்லும், போகாதன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சூதானம்தான் என் கணக்குல ப்ரூடன்ஸுக்கு பக்கத்துல வர்ற தமிழ், விவேகம் இல்ல.

கரும்பலகை:

ரிட்டயர்டு சார், சூதானம் அருமை, நாளைக்கே கிளாஸ்ல எடுத்து வுடுறேன். ஆனா மூணாவது பெஞ்ச் சொல்ற ஃபீலும் முழுசா தப்பில்லன்னு தோணுது. பழைய காலத்துல இந்த வார்த்தை ரொம்ப பெரிய மனுஷன். அரிஸ்டாட்டில் ஃப்ரொனீசிஸ்னு, அதாவது நடைமுறை அறிவுன்னு, சொன்னத லத்தீன்காரங்க ப்ரூடன்ஷியான்னு மொழிபெயர்த்தாங்க, நாலு தலையாய குணங்கள்ல முதல் இடம், வீரமும் நீதியும்கூட இவன் சொல்றபடிதான் நடக்கணும்னு வெச்சாங்க. லண்டன் நேஷனல் கேலரில டிஷியன் வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, ஒரே கழுத்துல மூணு தலை, கிழவர், நடுவயசு, இளைஞன், கீழ ஓநாய், சிங்கம், நாய். மேல லத்தீன்ல, நடந்து போனதுல இருந்து கத்துக்கிட்டு நிகழ்காலம் ப்ரூடன்டா நடக்குது, நாளைக்கு செய்யப் போறத கெடுத்துடக் கூடாதேன்னுன்ற மாதிரி எழுதியிருக்கும். அவ்ளோ பெரிய ஆளு இப்ப இன்சூரன்ஸ் விளம்பரத்துலயும் பட்ஜெட் பேச்சுலயும் மட்டும் தலைகாட்டுறார். அதனாலதான் உங்களுக்கு எஃப்டி வாசனை வருது.

ப்ரூட் வேற குடும்பம். அது நல்ல கண்ணியமான பொண்ணுன்னு அர்த்தப்படுற பழைய பிரெஞ்சு சொல்லோட சுருக்கம். காது கேக்குறத வெச்சு சொந்தம் கொண்டாடக்கூடாது.

டிஸ்க்ரீட்: ரெண்டு ஈயும் ஒட்டி உக்காந்திருந்தா, அடக்கமா, வெளிய கசிய விடாம, கமுக்கமா காரியம் பண்றவன். நடுவுல டி புகுந்து ரெண்டு ஈயையும் பிரிச்சுட்டா தனித்தனியான துண்டு துண்டானன்னு அர்த்தம், கணக்குல வர்றது. ஈய பிரிச்சா பிரிஞ்சதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ரெண்டும் பிறந்தது ஒரே லத்தீன் சொல்லுல, சலிச்சுப் பிரிக்கிறதுன்னு அர்த்தம், டிஸெர்னும் அதே. இதுல பாருங்க, நம்ம விவேகமும் சமஸ்கிருதத்துல 'பிரிச்சுப் பாக்குறது'ங்கறதுல இருந்துதான். ஆக விவேகத்துக்கு சரியான ஜோடி டிஸெர்ன்மென்ட், டிக்‌ஷனரிக்காரங்க அத எல்லாருக்கும் பொது வேட்டி மாதிரி கட்டி விட்டுட்டாங்க.

சகேஷியஸ பத்தி யாரும் பேசல. அது மொதல்ல மோப்பம். வேட்டை நாய்க்கு மூக்கு கூர்மைன்னு சொல்ற வார்த்தை, அப்புறம் மனுஷனுக்கு வந்துச்சு. பழைய வெள்ளைக்காரங்க எழுதின மிருகங்க பத்தின புத்தகத்துல யானையையும் நாயையும் சகேஷியஸ்னு எழுதி வெச்சிருப்பாங்க. இன்னிக்கு யாரும் பேச்சுல சொல்றதில்ல, லெட்டர்ல போட்டா தெசாரஸ் பாத்து எழுதினது பல்லிளிக்கும்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

அப்போ வைஸ்? அத ஏன் எல்லாரும் தாண்டிப் போறீங்க.

கரும்பலகை:

தாண்டல, பயம் :) வைஸ் லத்தீன் இல்ல, பழைய இங்கிலீஷ். விட், விஷன், நம்ம பக்கம் வித்தை, வேதம் எல்லாம் ரொம்ப தூரத்துல ஒரே வேர், பாத்தல் அறிதல்னு அர்த்தம். மத்த வார்த்தைங்க எல்லாம் ஒரு முடிவ பத்தி பேசும், வைஸ் ஆள பத்தி பேசும். 'வைஸ் டிசிஷன்'னு சொல்றோம்தான், அது வெறும் 'நல்லா பண்ணீங்க'. ஆனா 'ஹீ இஸ் வைஸ்'னா அடிபட்டு, இழந்து, பாத்து, அடங்கின ஆளு. 24 வயசுப் பையனுக்கு அத எழுதினா அவனுக்கே கூச்சமா இருக்கும். வைஸ் கைன்னு சொன்னா அது உல்ட்டா, அதிகப்பிரசங்கி.

ஜுடிஷியஸுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார். 1600-ல செத்துப்போன ரிச்சர்டு ஹுக்கர்னு ஒரு இங்கிலீஷ் மதகுருவுக்கு பட்டப்பேரே 'ஜுடிஷியஸ் ஹுக்கர்'. அந்தக் காலத்துல ஒரு பக்கம் ரோம், அதாவது கத்தோலிக்க சபை, ஒரு பக்கம் சர்ச்ச இன்னும் சுத்தப்படுத்தணும்னு நின்ன ப்யூரிட்டன்ங்க, ரெண்டு பேரும் கத்திட்டு இருக்கும்போது இவர் வேதத்தையும் மரபையும் பகுத்தறிவையும் எடை போட்டு நிதானமா எழுதினார். வைஸ்னு பேர் வெக்கல பாருங்க. எடை போட்டதுக்குத்தான் அந்தப் பேர். அதே வேர்ல இருந்து வந்த ஜட்ஜ்மென்டல் இன்னிக்கு திட்டு, 'ஜட்ஜ் பண்ணாதீங்க'ன்னு பசங்க என்னையே சொல்றாங்க. எடை போடாம தீர்ப்பு மட்டும் சொன்னா ஜட்ஜ்மென்டல்.

மூணாவது_பெஞ்ச்:

டெக் ஸாவி, கேனி எல்லாம் கேக்கலாம்னு வந்தேன், வேணாம், தலை சுத்துது.

கோவை_லெட்ஜர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, வைக்கோல்போர் கதைய வீட்டுல சொன்னேன், எங்கப்பா 'அந்தாளு கொஞ்சம் காயப் போட்டிருக்கலாம்ல'னு தீர்ப்பே சொல்லிட்டார். இப்ப நான் எழுதினது இப்படி இருக்கு, பாத்து சொல்லுங்க. 'ஹீ இஸ் ப்ரூடன்ட், ஜுடிஷியஸ், டிஸெர்னிங் அண்ட் அஸ்ட்யூட்.'

ரிட்டயர்டு_மேனேஜர்:

தம்பி, ஒரே தட்டுல நாலு ஸ்வீட்டா. எதுவும் இனிக்காது.

கரும்பலகை:

அதேதான். அந்த அட்வான்ஸ் சம்பவத்த இங்க எங்களுக்கு எழுதின மாதிரியே அங்கயும் எழுதுங்க. 8 பர்சன்ட் தள்ளுபடி, 2 மாசத்துக்கு மட்டும் குடுப்போம்னது, மூணாவது மாசம் கடை சாத்தினது, அப்படியே நாலு வரில. அதுக்கப்புறம் 'எ ப்ரூடன்ட் யங் மேன்'னு ஒரே ஒரு தடவை போட்டா போதும். உண்மைய சொல்லணும்னா அவன் பண்ணதுல ஜுடிஷியஸும் இருக்கு, ஒரேயடியா வேணாம்னு சொல்லாம ரெண்டு பக்கத்தையும் தூக்கிப் பாத்து 2 மாசம்னு அளவு போட்டான்ல. அப்ப 'எ ஜுடிஷியஸ் காம்ப்ரமைஸ்'னு சம்பவத்துக்கு நடுவுல வெச்சுக்கங்க. அது முடிவுக்கு, ப்ரூடன்ட் ஆளுக்கு. மத்தத வெட்டிடுங்க.

கறுப்பு_கோட்டு:

அப்படியே லெட்டர் கடைசில 'இன் மை ஜட்ஜ்மென்ட்'னு எழுதறதா இருந்தா ஸ்பெல்லிங்ல ஜிக்கு அப்புறம் ஈ போடலாம் போடாமலும் இருக்கலாம், தப்பில்ல, கோர்ட்டு தீர்ப்புக்கு மட்டும்தான் ஈ இல்லாம எழுதுவோம்.

கோவை_லெட்ஜர்:

குடுத்தாச்சுங்க. மேடம் படிச்சுட்டு இந்தத் தடவை சிரிக்கல, ஒரு கமா மட்டும் மாத்தினாங்க, கையெழுத்து போட்டாங்க. அப்புறம் போற போக்குல 'அந்த அட்வான்ஸ் வேணாம்னு நானும்தான் அன்னிக்கு சொன்னேன், ஞாபகம் இருக்கா'ன்னாங்க. சத்தியமா அவங்க அன்னிக்கு லீவு. உங்கள ஷ்ரூட்னு சொல்லலாமா மேடம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

மூணாவது_பெஞ்ச்:

டிஸ்க்ரீட். ஈ ரெண்டும் ஒட்டினது. கரெக்டா மேடம்?

கரும்பலகை:

கரெக்ட். உக்காரு.